எண்ணுப்பாறையும் ஏழாவது பூணும்

மலைக்கு வயசு கேக்கக்கூடாது, கதைக்குத் தேதி கேக்கக்கூடாது. எங்க பெரியவங்க எனக்குச் சொன்னாங்க, அவங்களுக்கு அவங்க பெரியவங்க சொன்னாங்க. ஒரு சொல்லு கூடியிருந்தா அது என் வாயோட குத்தம். ஒரு சொல்லு கொறஞ்சிருந்தா அது என் காதோட குத்தம். கேளுங்க.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, இந்த மலைக்கு ரோடு இல்லாத காலத்துல, கருநெல்லிக்கோம்பைன்னு ஒரு ஊரு. இதே ஊருதான். அப்ப முப்பது வீடு இருந்துச்சாம். வீட்டச் சுத்தி சாமை, தினை. சாமையச் சுத்திக் காடு. காட்டுக்குள்ள பன்னி. பன்னின்னா ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பட்டாளம். ராவுல கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி குடும்பத்தோட வந்து, கதிரத் தின்னுட்டு, மிச்சத்த மிதிச்சுட்டுப் போகுமாம்.

அதனால ஊர்ல ஏழு துப்பாக்கி இருந்துச்சு. எண்ணிக்கோங்க, ஏழு. இப்ப போலீஸ்காரங்க தோள்ல மாட்டுறாங்களே, அது மாதிரி இல்ல. ஆள் ஒசரத்துக்குக் குழல். குழலோட வாய் வழியா கரிமருந்தக் கொட்டணும். ஈயக்குண்ட உருட்டி விடணும். நீளமான கெசக்கோல உள்ள விட்டு இடிச்சு இறுக்கணும். ஒரு தடவ சுட்டுட்டு மறுபடி கெட்டிச்சு முடிக்கறதுக்குள்ள, பன்னி அடுத்த மலைக்குப் போயி பேரன் பேத்தி எடுத்துருமாம்.

அந்த ஏழையும் செஞ்சது ஒரே பட்டறை. ஆசாரி பேரு காளத்தி. அவரு சம்சாரம் பேரு அரும்பாயி. அவரு இரும்பத் தட்டுவாரு, அந்தம்மா துருத்தி ஊதும். அந்த அரும்பாயிதான் எங்க கூட்டத்துக்கு வேரு. இந்தக் கதையும் அந்தம்மா கதைதான்.

துப்பாக்கின்னா குழல் இரும்பு, கட்டை ஈட்டி மரம். இரும்பும் மரமும் தானா ஒட்டுமா? ஒட்டாது. பூண் போட்டுப் புடிக்கணும். வாய்க்கிட்ட ஒரு பூண், நடுவுல ஒரு பூண், விசைக்கு அடியில விரலக் காக்க ஒரு வளையம், தோள்ல படுற எடத்துல ஒரு தட்டு. இதெல்லாம் காளத்தி ஆசாரி பட்டறையில பித்தளை. எப்பவும் பித்தளை. அவங்கப்பன் காலத்துலயும் பித்தளை, பாட்டன் காலத்துலயும் பித்தளை. புளி போட்டுத் தேச்சு எடுத்தா பொன்னு மாதிரி இருக்குமாம்.

சரி. அந்தக் காலத்துல சித்திர மாசம் ஊரே சேந்து ஒரு வேட்டை போகும். வேட்டை முடிஞ்சாத்தான் வெத மண்ணுல விழும். அது சட்டம். வேட்டை இல்லன்னா வெதப்பு இல்ல, வெதப்பு இல்லன்னா கஞ்சி இல்ல. ஏழு பேரு துப்பாக்கியோட கீழ ஓடைப் பக்கம் பொதருக்குள்ள பதுங்கி உக்காருவாங்க. மத்த ஆம்பளைங்க மேல இருந்து பறையடிச்சு, மூங்கில் தட்டி, கூவிக்கிட்டு மிருகத்த கீழ வெரட்டி வருவாங்க. இவங்களுக்குத் தட்டுக்காரங்கன்னு பேரு.

தட்டுக்காரங்களுக்கு முன்னால போறது யாரு? ஆசாரி. துப்பாக்கி ஒடைஞ்சா, நெருப்புப்பொறி தட்டுற கல்லு தேஞ்சா, சரிபண்ணணுமில்ல? இடுப்புல சுத்தியலச் சொருகிக்கிட்டு அவரு முன்னால நடப்பாரு. எறக்கத்துக்கு மேல ஒரு மொட்டப் பாறை இருக்கு. அங்க வந்ததும் நிப்பாரு. வெயிலு முதுகுல அடிக்கும். நெத்தியில கைய வச்சு கீழ பாப்பாரு. உதடு முணுமுணுன்னு அசையும். அப்பறம் கையத் தூக்கி, “இந்தப் பக்கமா போலாம்”பாரு. எல்லாரும் போவாங்க.

“ஆசாரி சாமி கும்புடுறாரு, பேசாம நில்லுங்கடா”ன்னு சொல்லிக்குவாங்களாம்.

இப்ப மூப்பன் கதைக்கு வரேன். ஊருக்கு மூப்பன் வேடியப்பன். நல்ல மனுசன்தான், இல்லாதது சொல்லக்கூடாது. பசின்னு வந்தவன வெறுங்கையா அனுப்பினது இல்ல. ஆனா அவரு மனசுல ஒரு சொல்லு தைச்சுதுன்னா முள்ளு மாதிரி உள்ளயே கெடந்து சீழ் புடிக்கும். அப்படி ஒரு ஆளு.

ஒரு வருசம் வேட்டையில பெரிய கொம்பன் பன்னி ஒண்ணு அவருக்கு நேரா வந்துச்சாம். இருவது அடி. குறி வச்சாரு. பன்னி நின்னுச்சு. துப்பாக்கிப் பூண் வெயில்ல பளீர்னுச்சு. பன்னி பாத்துச்சு, திரும்பி ஓடியே போச்சு. குண்டு மரத்துல.

அது போகட்டும்னா, அந்த வருசத் திருவிழாவுல பக்கத்து ஊரு மச்சான்காரன் ஒருத்தன், எல நெறைய சோத்த வச்சுக்கிட்டு சொன்னானாம்: “என்ன மாமா, உங்க துப்பாக்கியில மூஞ்சி பாத்து, பொட்டு வச்சு, சீவி முடிச்சுட்டுல்ல போச்சாம் பன்னி!”

பந்தியே சிரிச்சுது. மூப்பனும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு எழுந்தவரு வீட்டுக்குப் போகல. நேரா பட்டறைக்குத்தான் வந்தாராம்.

“ஆசாரி, ஏழு துப்பாக்கியிலயும் பித்தளையப் புடுங்கு. இரும்புப் பூண் போடு. கருகருன்னு. நெழலோட நெழலா இருக்கணும்.”

“பித்தளைதானுங்க மூப்பரே வழக்கம்.”

“ஏன் வழக்கம்?”

“எங்கப்பன் போட்டாரு.”

“உங்கப்பன் ஏன் போட்டாரு?”

“அவங்கப்பன் போட்டாரு.”

“அவரு ஏன் போட்டாரு?”

காளத்தி சுத்தியலக் கீழ வச்சுட்டு யோசிச்சாராம். பாவம், தெரியல. “மழையில இரும்பு துருப்புடிக்குமுங்க” அப்டின்னாரு.

“எண்ணெ தடவிக்கறோம்.”

“பித்தளைன்னா கைக்கு எதமா இருக்குமுங்க.”

“நான் என்ன பன்னியக் கொஞ்சவா போறேன்?”

“எப்படின்னு சொல்லத் தெரியலீங்க மூப்பரே. இரும்பு போட்டா மனசு ஒப்பல.”

“மனசு ஒப்பலயா! ஊர்ல பாதிச் சாமை பன்னி வயித்துல கெடக்குது. உம்ம மனசு ஒப்புனா என்ன, ஒப்பாட்டி என்ன?”

அப்பத்தான் துருத்திக்குப் பின்னால இருந்து அரும்பாயி வாயத் தொறந்துச்சு.

“ஏங்க, காரணம் தெரியாத வழக்கத்துக்கு எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? நாளைக்கு நம்ம கஞ்சிக்கும் அதே சாமைதான். கேக்குறத போட்டுக் குடுங்க.”

அவ்வளவுதான் சொன்னுச்சு. ‘போட்டுக் குடுங்க.’ ரெண்டே சொல்லு. அத மறக்காதீங்க. அந்தம்மா சாகுற வரைக்கும் மறக்கல.

காளத்தி ஒருத்தருகிட்டயும் சண்டை போடத் தெரியாத மனுசன். ஒரு நாளைக்கு ஒரு துப்பாக்கின்னு ஏழு நாள் வேல செஞ்சாரு. பித்தளையக் கழட்டுனாரு, இரும்பு போட்டாரு. கழட்டுன பித்தளையெல்லாம் மூப்பன் ஒரு கூடையில போட்டு, சாமிக்கு மணி வார்க்கச் சொல்லி அடிவாரத்துக்கு அனுப்பிட்டாரு. சாமிக்குன்னு போனது திரும்புமா?

சித்திர வந்துச்சு. வேட்டையும் வந்துச்சு.

விடியக்காலமே ஏழு துப்பாக்கியும் கீழ போயிருச்சு. தட்டுக்காரங்க மேல ஏறுனாங்க. மலைக்காத்து குளுருதுன்னு காளத்தி கருப்புக் கம்பளிய தலையோட போத்திக்கிட்டு முன்னால நடந்தாரு. ஊர்ல பொம்பளைங்க காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

டம்.

ஒரே ஒரு வெடி.

காட்டுல இருந்து பறைச் சத்தம் பிச்சுக்கிட்டு வந்துச்சு. “விழுந்துருச்சுடோய்!” தட்டுக்காரங்க கூவுறது ஊரு வரைக்கும் கேட்டுச்சாம். இத்தன வருசத்துல மொத வெடியிலயே விழுந்தது இதுதான். பொம்பளைங்க எழுந்து அடுப்பு மூட்டுனாங்க. அரும்பாயி அம்மியக் கழுவி, மொளகாயும் மல்லியும் வச்சு அரைக்க உக்காந்துச்சு. பன்னிக்கறிக்கு மசால்.

இங்க இப்படி. அங்க எப்படி?

பாறைக்கு நேர் கீழ இருந்த பொதருக்குள்ள இருந்து மூப்பன் எழுந்து வந்தாராம், பல்லெல்லாம் தெரிய. “பாத்தீங்களாடா! இரும்புன்னு சொன்னனா இல்லியா? பளபளப்பு இல்ல, பன்னிக்கு என்ன தெரிஞ்சுது?” சொல்லிக்கிட்டே செடிய வெலக்குனாரு. கருப்பா கெடந்துச்சு. காலால பொரட்டுனாரு.

கம்பளி.

கம்பளிக்குள்ள காளத்தி.

ஐயோ சாமி. இத எத்தன தடவ சொன்னாலும் எனக்கு இந்த எடத்துல நாக்கு ஒட்டிக்கும். பறையடிச்சவன் ஓங்குன கைய ஓங்குனபடியே நின்னானாம். யாரும் அழுவல. யாரும் கத்தல. அழுவணும்னு யாருக்கும் தோணல. ஒருத்தன் குனிஞ்சு, ஆசாரி இடுப்புல இருந்து விழுந்த சுத்தியல எடுத்து, மண்ணத் தட்டி, மறுபடி அவரு இடுப்புலயே சொருகி விட்டானாம். பாருங்க, மனுசன் மதி கெட்டா என்ன பண்ணுவான்னு.

தூக்கறதுக்கு என்ன இருந்துச்சு? பன்னி தூக்க வெட்டுன மூங்கில்தான் இருந்துச்சு. அதே கம்பளியில தூளி கட்டி, அதே மூங்கில்ல கோத்துத் தூக்கிட்டு வந்தாங்க.

அரும்பாயி வாசல்ல இருந்து பாத்துச்சு. தூரத்துல மூங்கில் வளைஞ்சு வருது. நடுவுல கருப்பா கனமா தொங்குது.

“அடியாத்தி, பெரிய பன்னிதான்”னு சொன்னுச்சாம்.

கை நெறைய மசால்.

*

மூப்பன் என்ன சொன்னாரு? “ஆசாரி வழக்கமான வழிய விட்டுட்டு நேரா என் முன்னால வந்துட்டாரு. தலையெழுத்து. என்ன பண்றது?” இததான் சொன்னாரு. அடக்கம் பண்ற எடத்துலயும் சொன்னாரு, மறுநாளும் சொன்னாரு, கேக்காதவங்க கிட்டயும் போயி சொன்னாரு. மூப்பன் சொன்னா மறுத்துப் பேச ஆள் இல்ல.

அரும்பாயி அழுவல. அம்மியில மசாலு காஞ்சு கெடந்துச்சு, அத எடுத்துப் போடக்கூட விடல.

மூணாம் நாளு நல்லான்னு ஒரு தட்டுக்காரன் வந்தான். காளத்திக்கு அடுத்தபடியா எப்பவும் பின்னால நடக்குறவன். வாசல்ல நின்னான், உக்காரல.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா சோறு எறங்காது.”

“சொல்லு.”

“மாமா அந்தப் பாறை மேல வருசா வருசம் நிப்பாருல்ல? சாமி கும்புடுவாருல்ல?”

“ஆமா.”

“இந்த வாட்டி ரொம்ப நேரம் நின்னாரு அக்கா. கீழ பாத்தாரு. கண்ணத் தொடச்சாரு, மறுபடி பாத்தாரு. உதடு அசையவே இல்ல. எங்கள திரும்பிப் பாத்து, ‘என்னமோ மாதிரி இருக்குதுடா, எனக்கு வழி புலப்படல’ன்னாரு. நாங்க...” நல்லான் வாசக்காலப் புடிச்சுக்கிட்டான். “நாங்க சிரிச்சோம் அக்கா. ‘வயசாயிருச்சு ஆசாரி, கண்ணு அவிஞ்சுபோச்சு, எறங்குங்க’ன்னு நான்தான் சொன்னேன். முதுகுல கைய வச்சு லேசா தள்ளுனேன்.”

அரும்பாயி அவனத் திட்டல. “நீ போடா”ன்னு மட்டும் சொல்லிட்டு, அந்தக் காலையிலயே எழுந்து தனியா அந்தப் பாறைக்கு ஏறிப் போச்சாம்.

மேல நின்னுச்சு. வெயிலு முதுகுல அடிச்சுது. நெத்தியில கைய வச்சு கீழ பாத்துச்சு. காடு. பச்சைக் காடு, கருப்பு நெழலு. ஓடை எங்கன்னு தெரியல, வழி எங்கன்னு தெரியல. ஒரு ஈ எறும்பு தெரியல.

அப்ப, கீழ, ஓடைக்கிட்ட ஒரு எடத்துல பளிச்சுன்னுச்சு.

அரும்பாயி பாத்துச்சு. மறுபடி பளிச். நகந்துச்சு. மறுபடி பளிச்.

யாரோ ஒரு பொண்ணு தண்ணி மொண்டுக்கிட்டுப் போறா. பொண்ணு தெரியல. சீலை தெரியல. இடுப்புல இருந்த பித்தளைக் குடம் மட்டும் தெரியுது.

அந்தம்மா அங்கயே உக்காந்துருச்சாம். மூணு நாளா வராத அழுக அப்பத்தான் வந்துச்சாம். மனுசன் சாமி கும்புடல. எண்ணியிருக்காரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு துப்பாக்கியோட மின்னல எண்ணி, எவன் எங்க இருக்கான்னு பாத்து, அதுக்கு வெலகி வழி சொல்லியிருக்காரு. அவங்கப்பனும் அப்படித்தான் நின்னிருப்பாரு, பாட்டனும் அப்படித்தான். பித்தளை அழகுக்கு இல்ல. பன்னிக்கும் இல்ல. மேல இருந்து வர்ற மனுசனுக்கு.

அத மூப்பன் கேட்டப்ப ஏன் சொல்லல? அவருக்கே தெரியாது சாமி. கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, வாய்க்குத் தெரியல. நடக்கறவன கூப்புட்டு எந்தக் கால மொதல்ல வைக்கறேன்னு கேட்டா சொல்லுவானா? அது மாதிரி.

*

ஊர்க்கூட்டம் போட்டாங்க. வேட்டை பாதியில நின்னுபோச்சு, வெத வீட்டுலயே கெடக்குது. மேக்கால மேகம் கருக்குது. மழைக்கு முன்னால வெத விழலன்னா அந்த வருசம் அடுப்பே எரியாது. ஆனா தட்டுக்காரன் ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான்.

“மூப்பரே, பன்னி தின்னா சாமைதான் போகும். நீங்க சுட்டா தாலி போகும்.” நல்லான்தான் சொன்னான்.

அப்ப அரும்பாயி வந்து நின்னுச்சு. தாலி அறுத்து பதினாறு நாள்கூட ஆகல. வெள்ளச் சீலையோட ஊர்க்கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா எப்படி இருக்கும்? கெழவங்க மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க.

“வேட்டைக்குப் போங்க. ஏழு துப்பாக்கியிலயும் வாய்ப் பூணு ஒண்ணாச்சும் பித்தளையில போட்டுத் தாரேன். பாறையில நின்னு எண்ணிட்டு எறங்குனா ஒரு உசுரும் போகாது.”

மூப்பன் எழுந்தாரு. “யாரு எண்ணுறது?”

“நான்.”

“தாலி அறுத்தவ வேட்டைக்கு முன்னால நடக்குறதா? வெளங்குமா?”

“தாலியோட நடந்தவரு வெளங்குனாரா மூப்பரே?”

“ஆசாரி வழி மாறி வந்தாரு. பூணுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?” மூப்பன் விடல.

“சம்பந்தம் இல்லன்னா போட்டுக்குங்களேன். என்ன கொறஞ்சுரும்?”

ஊரு ஒத்துக்கிச்சு.

பித்தளைக்கு எங்க போறது? அரும்பாயி வீட்டுக்குள்ள போச்சு. கல்யாணத்துக்கு அதோட அப்பன் குடுத்த குடம் ஒண்ணு இருந்துச்சு. அத எடுத்துட்டு வந்து பட்டறைக் கல்லு மேல கவுத்து வச்சு, காளத்தியோட உளியையும் சுத்தியலையும் எடுத்து, வெட்டுச்சு பாருங்க! குடத்த வெட்டுற சத்தம் ஊரெல்லாம் கேட்டுச்சாம். பொம்பளைங்க காதப் பொத்திக்கிட்டாங்களாம். கல்யாணக் குடத்த எவளாச்சும் வெட்டுவாளா?

பட்டை பட்டையா வெட்டுச்சு. துருத்தி ஊதவும் அதே கை, தட்டவும் அதே கை. காய்ச்சித் தட்டி, வளைச்சு, ஆணி அறைஞ்சு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வாய்ப் பூணு. ஏழாவது துப்பாக்கி மூப்பனோடது. அவரு கொண்டாந்து குடுத்தாரு, மொகத்தப் பாக்கல. பூணு போட்டுத் திருப்பிக் குடுத்துச்சு. வாங்கிட்டுப் போனாரு, அப்பவும் மொகத்தப் பாக்கல. குடத்துல மிச்சம் நின்னது கழுத்து வளையம் மட்டும்.

*

மறு வேட்டை வந்துச்சு.

விடிஞ்சு வெயிலு ஏறுச்சு. ஏழு பேரு கீழ போயாச்சு. தட்டுக்காரங்க முப்பது பேரு மேல. எல்லாருக்கும் முன்னால வெள்ளச் சீலையோட அரும்பாயி. ஒருத்தன் பறையிலயும் கை வைக்கல. காத்து மட்டும்.

பாறை மேல ஏறி நின்னுச்சு. நெத்தியில கைய வச்சுச்சு. முணுமுணுக்கல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாய் விட்டு எண்ணுச்சு.

“ஒண்ணு.”

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னு. தட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. “ஆமாடா, தெரியுதுடா!”

“ரெண்டு. மூணு.”

ஆலமரத்தடியில ஒண்ணு, கல்லு மேட்டுல ஒண்ணு.

“நாலு. அஞ்சு.”

நல்லானுக்கு அழுக வந்துருச்சாம். இத்தன வருசம் கண்ணு முன்னால இருந்திருக்கு, பாக்கலயே!

“ஆறு.”

அப்பறம்?

அப்பறம் ஒண்ணும் இல்ல.

அரும்பாயி இடத்துல இருந்து வலத்துக்குப் பாத்துச்சு. வலத்துல இருந்து இடத்துக்குப் பாத்துச்சு. ஆறுதான்.

“ஏழு எங்க?”

“போலாம் அக்கா, எங்கயாச்சும் மரத்து மறைவுல இருக்கும்” அப்டின்னான் ஒருத்தன்.

“போலாமா? அன்னிக்கும் இப்படித்தான் போலாம்னீங்க” அப்டின்னு சொல்லிட்டு பாறை மேலயே சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. “ஏழாவது மின்னுற வரைக்கும் ஒருத்தன் கால் எறங்கக்கூடாது. எறங்குறவன் என் மேல மிதிச்சு எறங்கட்டும்.”

வெயிலு ஏறுது. பன்னி ரெண்டு மூணு கீழ ஓடுறது தெரியுது. ஒருத்தரும் அசையல. பொறுத்துப் பாத்துட்டு, அந்தம்மா எழுந்து, மலையே அதிர ஒரு சத்தம் போட்டுச்சாம்:

“வேடியப்பா! உன் பூணு எங்கடா?”

மூப்பன பேரு சொல்லி, டா போட்டு. அந்த ஊர்ல அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. ஆறு துப்பாக்கிக்காரங்களும் பயந்துபோயி பொதருல இருந்து எழுந்து நின்னு துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனாங்க. ஆறு. ஆறே ஆறு.

அப்ப சத்தம் வந்துச்சு. கீழ ஓடையில இருந்து இல்ல. தூரத்துல இருந்து இல்ல.

பாறைக்கு நேர் கீழ. அவ கால் வச்ச எடத்துல இருந்து இருவது அடி. காளத்தி விழுந்தாரே, அதே பொதரு. அதுக்குள்ள ஒரு குச்சி முறிஞ்சுது.

முப்பது பேரும் கல்லாயிட்டாங்க. இவ்வளவு நேரமும் அங்கயே இருந்திருக்காரு. இவங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டு. துப்பாக்கி கெட்டிச்சது கெட்டிச்சபடி, கல்லத் தட்டுற குதிரை தூக்குனது தூக்குனபடி. “போலாம்”னு எறங்கியிருந்தா மொதல்ல அந்தக் குழலுக்கு நேரா போறது யாரு? வெள்ளச் சீலை.

பொதரு வெலகுச்சு. மூப்பன் எழுந்து நின்னாரு. கையில துப்பாக்கி. அரும்பாயி போட்டுக் குடுத்த பித்தளைப் பூணு அதுல இருந்துச்சு. அதுமேல நல்லா, கெட்டியா, எண்ணெயில கொழைச்சு அடுப்புக்கரி பூசியிருந்துச்சு.

ஐயய்யோ. அங்க நின்னவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நல்லான் பறையக் கீழ போட்டுட்டான். ரெண்டு பேரு மூப்பன அடிக்க எறங்குனாங்க. அரும்பாயி கைய நீட்டித் தடுத்துட்டு, தானே எறங்கிப் போச்சு. நேரா குழலுக்கு முன்னால போயி நின்னுச்சு.

“ஏன்?”

“நான் உன்னைச் சுட வரல ஆசாரிச்சி. சாமி சத்தியமா சுட வரல.”

“பின்ன ஏன் கரி பூசுன?”

“இது மின்னக்கூடாது.”

“ஏன் மின்னக்கூடாது?”

அந்தப் பெரிய மனுசன், ஊருக்கே மூப்பன், தேம்ப ஆரம்பிச்சாராம். “பித்தளை போட்டு இந்த வேட்டை நல்லபடியா முடிஞ்சா, இரும்பு போட்டுத்தான் அவரு செத்தாருன்னு ஆயிருமே. நான்தான் கொன்னேன்னு ஆயிருமே. மின்னாமலே ஒரு வேட்டை முடியணும், ஒருத்தனும் சாகக்கூடாது. அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்தேன். பூணுல ஒண்ணும் இல்லன்னு காட்டணும். அது போதும் எனக்கு.”

பாருங்க சாமி. ஒரு சாவ மறைக்கறதுக்கு இன்னொரு சாவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அது தெரியாமலே உக்காந்திருக்காரு.

அரும்பாயி என்ன பண்ணுச்சு? அடிச்சுதா? இல்ல. மண்ண வாரித் தூத்துச்சா? இல்ல. வெள்ளச் சீலத் தலப்ப எடுத்து, அதுல காறித் துப்பி, துப்பாக்கி அவரு கையில இருக்கும்போதே பூணப் புடிச்சுத் தொடச்சுது. குழலு அந்தம்மா நெஞ்சுக்கு நேரா. குதிரை தூக்குனபடி. தொடச்சுது, துப்புச்சு, மறுபடி தொடச்சுது. வெள்ளச் சீலை கருப்பாயிருச்சு. தொடச்சுக்கிட்டே சொன்னுச்சாம்:

“இரும்பு போடச் சொன்னது நீ. போட்டுக் குடுங்கன்னு சொன்னது நான். சிரிச்சு, முதுகுல தள்ளி விட்டது அவன். எல்லாரும் சேந்துதான் கொன்னோம். நீ ஒருத்தன் மட்டும் அத மூடி வைக்க முடியாது. மின்னட்டும்.”

தொடச்சு முடிச்சு, குதிரைய மெதுவா எறக்கி விட்டு, பாறை மேல மறுபடி ஏறி, நெத்தியில கைய வச்சுச்சு. மூப்பன் துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்குனாரு. பூணு வெயில்ல பளிச்சுன்னுச்சு.

“ஏழு.”

அப்பத்தான் ஊரு மூச்சு விட்டுச்சாம்.

அன்னிக்குப் பன்னி விழுந்துச்சான்னு கேக்குறீங்களா? அத யாரும் எனக்குச் சொல்லல. ஏழுன்னதோட பெரியவங்க நிறுத்திருவாங்க. வெத மட்டும் மறுநாளே மண்ணுல விழுந்துச்சு. அது தெரியும்.

இப்ப துப்பாக்கியெல்லாம் சர்க்கார்ல ஒப்படைச்சாச்சு. வேட்டை கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. நல்லதுதான். ஆனா சித்திரையில வெதைக்கு முன்னால நீங்க இங்க இருந்தீங்கன்னா பாப்பீங்க. ஆறு வீட்டு ஆளுங்க பித்தளைக் குடத்த புளி போட்டுத் தேச்சு எடுத்துக்கிட்டுக் கீழ ஓடைப் பக்கம் போவாங்க. எங்க கூட்டத்துல தாலி இழந்த பொம்பளை ஒருத்தி பாறை மேல ஏறி நின்னு எண்ணும். அன்னிக்கு அவங்களுக்குத்தான் மொத மரியாதை, எந்தக் கெழவனும் மொகத்தத் திருப்ப மாட்டான். அதனால அந்தப் பாறைக்கு எண்ணுப்பாறைன்னு பேரு. பாறை இடுக்குல ஒரு பித்தளை வளையம் அடிச்சிருக்கும் பாருங்க, அது அந்தக் குடத்தோட கழுத்து.

ஆறு எண்ணுனதும் நிறுத்திருவாங்க. பறை நின்னுரும். கைப்புள்ளகூட அழுவாது. அப்ப மூப்பன் வம்சத்துல ஒரு ஆம்பளை, கரி பூசுன ஏழாவது குடத்தத் தூக்கிட்டு பாறைக்கு நேர் கீழ இருக்கற பொதருல இருந்து எழுந்து வருவாரு. யாரும் கூப்புட மாட்டாங்க. தானா வரணும். அது சட்டம். வந்து, “நான்தான்”னு சொல்லணும். அந்தப் பொம்பளை எறங்கி வந்து, சீலத் தலப்புல அந்தக் கரியத் தொடைக்கும்.

மத்தச் சீலைய எல்லாம் ஆத்துல தொவைப்பாங்க. கரி தொடைச்ச அந்த ஒரு சீலத் தலப்ப மட்டும் எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் தொவைக்கறது இல்ல.